தயாளினியின் சுயபடம்

தன்னுடைய கண்ணீர் அஞ்சலி பெனரைத் தன் கண்ணாலேயே பார்க்கிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது. மூதூரில் சித்தி பரீதா என்று பெயர்கொண்டவளுக்குக் கிடைத்தது. படகுத்துறை ஜெட்டிச் சந்தியில், பேக்கரிக்கு முன்னால், இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஆளுயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். மீன் வாங்கிக்கொண்டு ஓட்டோவில் வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். படத்தில் இருந்தது அவள். இருபத்தொரு வயதுப் பரீதா. தலையில் முக்காடு இல்லை. முடி காற்றில் பறக்கிறது. கழுத்தில் கமரா தொங்குகிறது. வாய் கொள்ளாத சிரிப்பு. நெற்றியில், அல்லாஹ்வே, வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு!

கீழே தயாளினி என்று பெயர் போட்டிருந்தது. 'ஒளியால் சரித்திரம் எழுதியவர்' என்று ஒரு பட்டமும் நாலு வரிப் பாட்டும் இருந்தன.

"எறங்கப் போறீங்களா மாமி?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

"இல்ல மகன். கெதியாப் போங்க," என்று சொல்லிவிட்டு மீன் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்து என்ன செய்ய? முகம்தான் ஊர் பார்க்க மேலே தொங்கிக்கொண்டிருக்கிறதே.

பரீதாவுக்கு ஊரைப் பற்றிப் பயமில்லை. அறுபத்து மூன்று வயதுக்குப் பிறகு ஊர் என்ன சொன்னால் என்ன? பயமெல்லாம் ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான். அது வீட்டுக்காரர் கலீலுர் றஹ்மான், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். பரிசளிப்பு விழாவானாலும் சரி, குழாய்க் கிணறு திறப்பானாலும் சரி, மைக் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அவருடைய கைக்குத்தான் வந்து சேரும். மனுஷன் கெட்டவரில்லை. கை நீட்டினதில்லை, சத்தம் போட்டதில்லை. ஆனால் ஒருவர் தனக்குப் பொய் சொல்லிவிட்டார் என்று தெரிந்தால் போதும், பேச்சை நிறுத்திவிடுவார். சொந்தத் தம்பி ஒரு காணி விஷயத்தில் பொய் சொன்னான் என்று அவன் மௌத்தாகும் வரைக்கும் அவனோடு பேசவில்லை. ஜனாஸாவுக்கு மட்டும் போய் முன்வரிசையில் நின்று தொழுதுவிட்டு வந்தார்.

பரீதா தன் ஆயுளில் அவருக்குச் சொன்ன ஒரேயொரு பெரிய பொய் இந்தப் படத்தில்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மனுஷன் ஒருதரம் நிமிர்ந்து பார்த்து இது ஆரென்று கண்டுபிடித்தால் தீர்ந்தது கதை. மிச்சக் காலம் முழுக்க ஊமை வீட்டில் சோறு சமைக்க வேண்டியதுதான். 

இந்தக் கூத்து எப்படி நடந்ததென்றால், தயாளினி திருகோணமலைத் துறைமுகத்தில் சுங்கக் கிளார்க்காக இருந்தவருடைய மகள். கலியாணம் கட்டாதவள், கலியாண வீட்டுப் படமும் எடுக்காதவள். சனம் எங்கே கியூவில் நிற்கிறதோ அங்கே கமராவோடு நிற்பாள். கூட்டுறவுச் சங்கக் கடையில் மாவுக்கு, அரசாங்கக் கச்சேரியில் பயண பாஸுக்கு, முகாமில் தண்ணிக்கு, செக்பொயின்ரில் சோதனைக்கு, சுனாமிக்குப் பிறகு தறப்பாளுக்கு. ஈச்சிலம்பற்றில் பேக்கரிப் பாணுக்கு நின்ற கியூவில் அவளே நின்று, தன் முறை வந்ததும் பாணை விட்டுவிட்டுப் பாண் கொடுத்தவனைப் படமெடுத்திருக்கிறாள். "கியூவில நிக்கிறவனுக்குத் தன்ர முகம் மறந்து போகும். அப்பதான் எடுக்கோணும்," என்பாள். தன்னை மட்டும் ஒருவரும் எடுக்க விடமாட்டாள். கமராவைக் கண்டால் கையைக் குறுக்கே வைத்துவிடுவாள்.

அவள் கண்ணை மூடியதும் கனடாவிலிருந்து அண்ணன் மகன் துவாரகன் ஓடி வந்தான். மாமியைச் சின்ன வயதில் கண்டதோடு சரி. பெனருக்குப் படம் வேண்டும். வீட்டில் தேடினான். பழுதான பிரிட்ஜ் ஒன்றுக்குள் நெகட்டிவ் கட்டுக்கட்டாக இருந்ததே தவிர அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டையில் ஒன்று இருந்தது. அதில் அவள் பொலிஸ் தேடுகிற ஆளைப்போல இருந்தாள். யார்தான் அதில் தன்னைப்போல இருக்கிறார்கள்? கடைசியில் ஒரு உறைக்குள் பெரிதாக்கிய படம் அகப்பட்டது. இளம் பெண், கழுத்தில் கமரா. வேறு ஆராக இருக்க முடியும்? கொண்டுபோய்க் கடையில் கொடுத்தான். சட்டையே போடாத கிழவனுக்கும் செத்த பிறகு கோட்டும் டையும் மாட்டிவிடுகிற கடைக்காரர், நெற்றி மொட்டையாக இருக்கிறதே என்று ஒரு பொட்டையும் வைத்துவிட்டார்.

தயாளினியைத் தெரிந்தவர்கள் செத்த வீட்டுக்கு வராமலா இருந்தார்கள்? வந்தார்கள். பெனரைப் பார்த்தார்கள். கடைக்காரர் அளவுக்கு மீறிப் பூசி மெழுகிவிட்டார் போலும் என்று நினைத்தார்கள். கனடாவிலிருந்து அழுது வீங்கிய முகத்தோடு வந்து நிற்கிற பிள்ளையிடம் போய், தம்பி, இது உங்கட மாமி மாதிரி இல்லையே என்று எவர் வாயைத் திறப்பார்? "சின்னனில அச்சு அசல் இப்பிடித்தான். என்ன வடிவு!" என்று ஆளுக்காள் சொன்னார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கின் நினைவுப் புத்தகத்திலும் அதுவே ஏறியது. மூதூர் மாதர் சங்கத்துக்குப் பெனரில் ஒரு பிரதி வந்தது, அவர்கள் ஜெட்டிச் சந்தியில் கட்டினார்கள்.

கட்டின அன்று அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய்வந்த அதிபர், தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்துக்கொண்டே, "சந்தியில ஒரு பெனர் கட்டிரிக்காங்க புள்ள," என்றார்.

பரீதா தேத்தண்ணிக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்தாள். "ஓம்?"

"கொஞ்ச நேரம் நிண்டு பாத்தன். அந்தப் பாட்டில மூணாவது வரி இடிக்குது. ஓசை வருதில்ல. ஆர்தான் எழுதினதோ!"

அவ்வளவுதான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். குசினிக்குள் போன பரீதா அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டாள். விட்ட கையோடு, நெஞ்சில் எங்கேயோ ஒரு முள்ளும் தைத்தது. பாட்டைப் பார்த்த மனுஷன் படத்தைப் பார்க்கவில்லையா?

அந்தப் பொய் பிறந்தது எண்பத்திரண்டில். கலியாணமாகி இரண்டாம் வருஷம். வீட்டுக்காரர் அப்போது தோப்பூரில் படிப்பித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தார், கிழமைக்கு ஒருக்கால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வருவார். சங்கக் கடைக் கியூவைப் படமெடுக்க வந்த தயாளினிக்கு ஒருநாள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததில் பழக்கம் பிடித்துக்கொண்டது. "ஒருக்கா லோஞ்சில வாறியா பரீதா? கப்பலுகளைப் பாத்து, ஐஸ்கிறீம் குடிச்சிட்டு, பின்னேரம் திரும்பிடலாம்," என்றாள் தயாளினி. பரீதாவுக்கு ஆசை கரைபுரண்டது. குடாவுக்கு அந்தப் பக்கம் மினுங்குகிற திருகோணமலை வெளிச்சத்தைப் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறாள், கடலால் போனதில்லை. கிண்ணியாவுக்குக் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டுக்குப் போகிறேன் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டு லோஞ்சில் ஏறினாள்.

கொட்டியாரக் குடாவின் நடுவுக்குப் போனதும் காற்றுக் கிளம்பியது. பிற்காலத்தில் ஆமி ஜீப்புக்கு முன்னால் அசையாமல் நின்ற தயாளினியால் அன்றைக்கு ஒரு அலைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. கழுத்தில் கிடந்த இரண்டு கமராவில் ஒன்றைக் கழற்றிப் பரீதாவின் கழுத்தில் போட்டாள். "கொஞ்சம் பிடியடி," என்றாள். லோஞ்சின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். காலையில் சாப்பிட்ட இடியப்பம் தொடக்கம் எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தாள். பரீதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குறும்புக்குக் கமராவை அவள் பக்கம் நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். அது டக்கென்றது.

"எடியே, பிலிம் என்ன உன்ர கொப்பரோ வாங்கித் தந்தவர்?" என்று வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள் தயாளினி. அதற்குள் காற்று பரீதாவின் முக்காட்டை உருவிவிட்டிருந்தது. பிடிக்கக் கை எழவில்லை, அவ்வளவு சிரிப்பு. தயாளினி மற்றக் கமராவைத் தூக்கினாள். "ஆடாதை. இப்ப உனக்கு உன்ர முகம் மறந்து போச்சு," என்று சொல்லி எடுத்தாள்.

ஒருவருக்கும் காட்டாதீர்கள் என்று பரீதா கெஞ்சினாள். காட்டமாட்டேன் என்று தயாளினி சத்தியம் செய்தாள். சும்மா சொல்லக்கூடாது, சாகும்வரை காப்பாற்றினாள். செத்த பிறகுதான் ஊருக்கே காட்டிவிட்டாள். பரீதா அவளுக்காக உண்மையாகவே அழுதாள். அழுகைக்கு நடுவே, "தயாக்கா, அந்தப் படத்துக்கு ஒரு நெருப்புக்குச்சியைக் கிழிச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று கோபமும் வந்தது.

பெனர் இரண்டு மழைக்கு வெளிறி, மூன்றாவது மழைக்குக் கிழிந்து, யாரோ ஆட்டுக் கொட்டிலுக்கு மறைப்பாகக் கொண்டுபோனார்கள். தப்பினேன் என்று இருந்தவளை அடுத்த வருஷம் விதி வேறு பக்கத்தால் பிடித்தது.

தயாளினியின் கடதாசிகளையும் நெகட்டிவ்களையும் ஒரு ஆவணக் காப்பகம் பொறுப்பெடுத்தது. அதற்குப் பொறுப்பாக வந்தவள் கஜந்தி, மட்டக்களப்பில் பிறந்து வெளிநாட்டில் படித்த கெட்டிக்காரி. வெள்ளைக் கையுறை போடாமல் ஒரு ரசீதைக்கூடத் தொடமாட்டாள். பாஸ் கடிதங்கள், லோஞ்சு டிக்கெட்டுகள், மருந்துத் துண்டுகள், படம் போடமாட்டோம் என்று பேப்பர்காரர் எழுதின மறுப்புகள் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக அடுக்கி இலக்கம் போட்டாள். நெகட்டிவ் ஈரம் பிடிக்காமலிருக்க தயாளினி பிரிட்ஜுக்குள் ஒரு சீலைப் பொட்டலத்தில் வறுத்த அரிசி வைத்திருந்தாள். அதற்கும் ஒரு இலக்கம் விழுந்தது: 'தானியப் பொதி, சடங்குத் தேவைக்காக இருக்கலாம்.'

கண்காட்சி வைப்பதென்று முடிவானது. உள்துறைமுக வீதியில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியைக் கூட்டித் துடைத்து வெள்ளையடித்தார்கள். மூதூர் மக்கள் சார்பில் பேச ஆரைக் கூப்பிடலாம் என்று கேட்டால் ஊர் யாரைச் சொல்லும்? அழைப்பிதழ் அதிபரின் வீட்டுக்கு வந்தது. மூலையில் நெருப்புப்பெட்டி அளவில் அந்தப் படம், 'தயாளினி: சுயபடம்' என்ற எழுத்தோடு. அதிபருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் தண்ணிக் குவளைக்கு முட்டுக் கொடுத்து அதை நிறுத்தி வைத்தார். ஒரு கிழமையாக பரீதா தன் முகத்துக்குப் பக்கத்தில் நின்று அவருக்குக் கறி போட்டாள். மனுஷன் அதைப் பார்ப்பார், இவளைப் பார்ப்பார், "உப்புக் காணாது புள்ள," என்பார்.

இது சின்னப் படம், அவர் கண்ணாடியும் போடவில்லை, அதனால் தப்பியது என்று பரீதா நினைத்தாள். அங்கே சுவரளவுக்குத் தொங்கவிடுவார்களாம். பொட்டும் இருக்காது. அதற்குப் பக்கத்தில் நின்று அரை மணித்தியாலம் பேசுகிற மனுஷன் ஒருதரமாவது உற்றுப் பார்க்கமாட்டாரா? எப்படியாவது முன்கூட்டிப் போய்ப் படத்தைக் கழற்றுவித்துவிட வேண்டும்.

"நானும் வாறன்," என்றாள்.

"நீயா? அங்க வந்து நீ என்ன செய்ய?" என்றார் அதிபர். பிறகு பெருந்தன்மையாக, "சரி, வா. கதிரை இருக்கும்," என்றார்.

கிட்டங்கிக்குள் போனதும் அதிபரைப் பிரமுகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பரீதா சுவரோரமாக நடந்தாள். எல்லாச் சுவரிலும் கியூ. சிரிக்காத, கோபிக்காத, சும்மா நிற்கிற முகங்கள். மேடைக்குப் பின்னால், அவளைவிட இரண்டு மடங்கு உயரத்தில், அவளே சிரித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம். லோஞ்சின் விளிம்பில் குனிந்து நிற்கிற ஒரு பெண்ணின் முதுகும் கடலும். கீழே எழுத்து: 'அடையாளம் தெரியாத பயணி. தயாளினியின் கலையில் பரிவின் உச்சம் இந்தப் படம்.'

பரீதாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கஜந்தியைத் தேடிப் பிடித்துப் பின்னறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"மகள், ஒரு உதவி. அந்தப் பெரிய படத்தைக் கழட்டிடுங்க. அது தயாக்கா இல்ல. நான்."

கஜந்தி பொறுமையான பிள்ளை. முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். "அம்மா, இப்பிடிக் கனபேருக்குத் தோன்றும். தயாளினியின்ர படங்களின்ர சிறப்பே அதுதான், பார்க்கிறவை தங்களையே அதில காணுவினம்."

"காணுறது இல்ல மகள். நான்தான் அது. மற்றதில குனிஞ்சு சத்தி எடுக்கிறதுதான் தயாக்கா. அதை எடுத்தது நான்."

"சத்தியா?" கஜந்தியின் சிரிப்புக் கொஞ்சம் நடுங்கியது. "அம்மா, அது துக்கத்தில குனிஞ்சு நிக்கிற ஒரு தாய். நான் கையேட்டில ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறன்."

"துக்கம் இல்ல. இடியப்பம்."

கஜந்தி விடவில்லை. கையேட்டை எடுத்துப் புரட்டினாள். "இதைப் பாருங்கோ. சுயபடத்தில இடது காதுச் சோணை ரெண்டாக் கிழிஞ்சிருக்கு. ஏதோ கலவரத்தில தோட்டை அறுத்தெடுத்த காயமா இருக்கலாம் எண்டு நாங்கள் ஊகிச்சிருக்கிறம். இது அவவின்ர வாழ்க்கையில எவ்வளவு முக்கியமான..."

பரீதா எழுந்து கதவைச் சாத்தினாள். தலைச்சீலையை விலக்கி இடது காதைக் காட்டினாள். சோணை இரண்டாகப் பிளந்து, பழங்காயமாக மினுங்கியது.

"ஆடு," என்றாள். "ஏழு வயசில. தோட்டைப் புல்லெண்டு நினைச்சு இழுத்துப் போட்டுது."

கஜந்தி காதைப் பார்த்தாள், கையேட்டைப் பார்த்தாள், மறுபடி காதைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்நூறு பிரதி அடித்து வந்து மேசையில் அடுக்கியாகிவிட்டது. "ஐயோ அம்மா," என்றாள். பாவம், அழுதுவிடுவாள் போல இருந்தது. "இப்பவே கழட்டிறன்."

எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே மைக் 'உஸ்' என்று ஊதியது. "அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்," என்று அதிபரின் குரல் கேட்டது. அவர் படத்துக்கு முன்னால் ஏறி நின்றுவிட்டார். இனி மேடையோடு கழற்றினால்தான் உண்டு.

பரீதா போய் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தாள்.  இதோ திரும்பப் போகிறார், இதோ பார்க்கப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதிபர் திரும்பினார். பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தலையைச் சரித்து, ஆசை தீரப் பார்த்தார்.

"இந்தக் கண்களைப் பாருங்கள்!" என்று சபையைப் பார்த்துக் கையை வீசினார். "இது பயந்த கண்ணா? இந்தக் காதைப் பாருங்கள்! காது கிழிந்தது, சிரிப்புக் கிழிந்ததா? இல்லை! இப்படிச் சிரிப்பதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! எங்கள் பெண்கள் இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை, குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையிலேயே அவர்களுக்கு ஆயுள் முடிந்துவிடுகிறது. வேறு ஏன், என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்!"

சபை சிரித்தது. நாலைந்து பேர் மரியாதையோடு பரீதாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்படிச் சிரிக்கத் தெரிந்த ஒரேயொரு பெண் எங்கள் மூதூரிலே பிறந்திருந்தால், அந்த மண்ணே வேறு மாதிரி இருந்திருக்கும்!"

கைதட்டல் கிட்டங்கிக் கூரையில் மோதியது. பரீதாவும் தட்டினாள். எல்லாரும் தட்டும்போது தட்டாமல் எப்படி இருப்பது? உள்ளங்கை எரிந்தது. பயம் எந்த நிமிஷத்தில் போனதென்று அவளுக்கே தெரியவில்லை. அது போன இடத்தில் வேறொன்று வந்து குந்திக்கொண்டது. கோபம் என்றால் சாதாரணக் கோபமில்லை, காதுமடல் சூடேறுகிற கோபம். இந்த மனுஷனோடு நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறாள். இவர் கண்டுபிடித்துவிடுவார் என்றா ஒரு வருஷமாக நித்திரையில்லாமல் கிடந்தாள்? கண்டுபிடித்துத் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

பேச்சு முடிந்து சனம் ரோல்ஸும் நெஸ்கபேயும் வைத்த மேசையை மொய்த்தபோது கஜந்தி ஓடிவந்தாள். "அம்மா, இப்ப கழட்டட்டே? ஆணி ஒண்டு ஆடுதெண்டு ஏதாவது சொல்லிக் கழட்டலாம்."

"வேணாம்," என்றாள் பரீதா. "பேரை மாத்துங்க. என்ட பேரைப் பெரிசாப் போடுங்க. சித்தி பரீதா, மூதூர் எண்டு. தயாக்காட பேரைப் பக்கத்துப் படத்தில போடுங்க. எடுத்த ஆளெண்டு அதிலயும் என்னைப் போடுங்க."

"நீங்கள்தானே பயந்தீங்கள்?"

"பயந்தன். அது சரியா ஒரு மணித்தியாலத்துக்கு முன்ன."

கஜந்தி நெஞ்சுள்ள பிள்ளைதான். தன் கையேட்டில் தானே மண்ணைப் போட எல்லாருக்கும் மனம் வராது. மட்டையை வெட்டித் தடித்த பேனாவால் எழுதி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு படத்துக்குக் கீழும் ஒட்டினாள். ஏதோ பிழை திருத்தம் என்று சனம் பேசாமல் ரோல்ஸைக் கடித்தது. அதிபர் மட்டும் விடுவாரா? எழுத்து என்று ஒன்று ஒட்டியிருந்தால் வாசிக்காமல் அவரால் தாண்டிப் போக ஏலாது. கோப்பையோடு கிட்டப் போனார். பரீதா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இஞ்சப் பாரு புள்ள, இது தயாளினி இல்லையாம்!" கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "சித்தி பரீதா, மூதூர். அட! உன்ட பேரேதான்! நம்மட ஊரில உன்ட பேரில இப்பிடி ஒருத்தி இருந்திரிக்கா. படமும் எடுத்திரிக்கா. எனக்குத் தெரியாமப் போச்சே! ஆர்ர மகளாம்? விசாரிக்கணும்."

"புருஷன்ட்ட விசாரிச்சாத் தெரியும்," என்றாள் பரீதா.

"புருஷன் இன்னும் ஹயாத்தோட இரிக்காரா?"

"இரிக்கார். நல்ல மனுஷன். மேடையில நல்லாப் பேசுவார். ஆனா இவ ஆரெண்டு அவருக்கும் தெரியாதாம்."

அதிபர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்புப் பாதியில் நின்றது. மட்டையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பிப் பரீதாவைப் பார்த்தார். உப்புக் கேட்கிற பார்வையில்லை அது. நெற்றியிலிருந்து நாடி வரைக்கும், புதுச் சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எப்ப?" என்றார். 

"எண்பத்திரண்டில. நீங்க தோப்பூரில இருந்த நேரம். கிண்ணியாவுக்கு ராத்தாட வீட்ட போறன் எண்டு ஒங்களுக்குச் சொல்லியனுப்பின நாள். ராத்தாட வீட்ட போகல்ல. தயாக்காவோட லோஞ்சில ஏறினன். பொய்தான் சொன்னன்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "இனிப் பேசுறதெண்டாப் பேசுங்க. நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்க."

அதிபர் கோப்பையை மேசையில் வைத்தார். அந்தக் கிட்டங்கியில் அதற்குப் பிறகு ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிரமுகர்கள் கை கொடுத்தபோது தலையை மட்டும் ஆட்டினார். வான் வண்டியில் ஏறினார்கள். சீனன்குடா போனது, வெள்ளைமணல் போனது. மனுஷன் யன்னலால் வெளியே பார்த்தபடி இருந்தார். சரி, தம்பிக்குக் கொடுத்த தண்டனை எனக்கும் வந்துவிட்டது என்று பரீதா நினைத்தாள். நினைத்த அளவுக்கு அது பயங்கரமாக இருக்கவில்லை. கொஞ்சம் பசித்தது. ரோல்ஸ் ஒன்று எடுத்திருக்கலாம்.

கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது அதிபர் தொண்டையைச் செருமினார்.

"புள்ள," என்றார். "அந்தச் சிரிப்பு பிறகு எங்க போச்சு?"

"எங்கயும் போகல்ல. வீட்டிலதான் இருந்திச்சு. நீங்கதான் கூட்டத்துக்குப் போயிருந்தீங்க."

அதற்குப் பிறகு மூதூர் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தது பரீதாதான்.